நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தாண்டிப் போகும் சாலை

நெய்வேலி ஆர்ச் கேட்டில் நின்று கும்பகோணம் பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கிறீர்களா? நீங்கள் நின்ற அந்தச் சாலைக்கு எத்தனை பெயர் தெரியுமா! ஊர்ப் பெரியவர்களுக்கு அது "கும்மோணம் ரோடு". வடக்கே போகிறவர்களுக்கு "மெட்ராஸ் ரோடு". பழைய மைல்கற்களில் அது 45சி. 2010-ல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது 36 ஆனது. வீடோ நிலமோ கடையோ அதன் ஓரத்தில் வைத்திருப்பவர்களுக்கு, கொஞ்ச காலமாக அது வெறும் "ஃபோர் வே".

இந்தச் சாலை எந்த வழியாகப் போகிறது, எப்படிப் படிப்படியாக அகலமானது என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அகலமாகும் சாலை யாரோ ஒருவருடைய நிலத்தின் மேல்தான் அகலமாகிறது. அதனால் நோட்டீஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நடுவில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் புரட்டாமல் படியுங்கள்.

முதலில் வழி. சென்னை - திருச்சி சாலையிலிருந்து விக்கிரவாண்டியில் பிரிகிறது. கோலியனூரில் விழுப்புரம் - புதுச்சேரி சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. கண்டரக்கோட்டையில் தென்பெண்ணையைக் கடந்து பண்ருட்டிக்கு வருகிறது. அங்கே கெடிலம். பிறகு காடாம்புலியூர், வடக்குத்து, இந்திரா நகர், நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர். வடலூரில் கடலூர் - விருத்தாசலம் சாலை குறுக்கிடுகிறது. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, அங்கே வெள்ளாறு. சோழத்தரம், மீன்சுருட்டி, அணைக்கரையில் கொள்ளிடம், திருப்பனந்தாள், சோழபுரம், கும்பகோணம், தஞ்சாவூர். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டர். 36 என்ற எண் அதோடு முடியவில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக மானாமதுரை வரை போகிறது. நம் பேச்சு தஞ்சாவூரோடு நிற்கட்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நான்கு வழிச்சாலை செய்திகளில் வரும் "சோழபுரம்" கும்பகோணத்துக்கு அருகில் இருக்கும் ஊர். ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் வேறு. அது மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டும் இதே வழித்தடத்தில் வருவதால் பத்திரிகைகளே மாற்றி எழுதிவிடுவது உண்டு.

மலைநாட்டுச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே ஆறு எந்தப் பக்கம் இறங்குகிறதோ, சாலையும் அந்தப் பக்கமே இறங்கும். ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் சேர்க்கும் பிரென்னர் கணவாய் வழி அப்படிப்பட்டது. ரோமானியர் காலத்திலேயே பாதை இருந்தது. 1867-ல் ரயில் வந்தது. 1963-ல் பள்ளத்தாக்குக்கு மேலே 190 மீட்டர் உயரத்தில் ஐரோப்பா பாலம் வந்தது. பாதை, ரயில், பாலம் எல்லாம் அதே பள்ளத்தாக்கில்தான், ஒன்றன் பின் ஒன்றாக. நம்ம சாலை இதற்கு நேர் எதிர். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி எல்லாமே மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன. சாலையோ வடக்கிலிருந்து தெற்கே. ஒவ்வொரு ஆற்றையும் குறுக்கே தாண்டியாக வேண்டும். அதனால் இந்தச் சாலையின் வரலாறு என்பது பெரும்பாலும் பாலங்களின் வரலாறுதான். எந்த ஆற்றில் எப்போது பாலம் வந்ததோ, அப்போதுதான் அந்த இடத்தில் சாலை உண்மையில் சாலை ஆனது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மேடு இருக்கிறது. அதுதான் நம் நெய்வேலி மேடு. பஸ்ஸில் போகும்போது தெரியாது. பண்ருட்டி தாண்டியதும் மண் சிவக்கும், வயல் குறைந்து முந்திரியும் பலாவும் வரும். அதுவே அடையாளம். கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் இந்தச் செம்மண் மேட்டுக்கு அடியில்தான் பழுப்பு நிலக்கரி படுத்திருக்கிறது. மேடு எவ்வளவு மேடு என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 2004 முதல் வீராணம் தண்ணீர் சென்னைக்குப் போகிறதே, அந்தக் குழாய் வழியைப் பாருங்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பம்ப் செய்கிறார்கள். அங்கிருந்து காடாம்புலியூர் வரை மீண்டும் பம்ப். காடாம்புலியூர் தொட்டியில் ஏறிய பிறகு, சென்னை போரூர் வரை சுமார் 200 கிலோமீட்டர் தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிப் போகிறது.

இந்த மேடு சாலை போடுபவர்களுக்கு வசதி. செம்மண்ணும் சரளையும் கெட்டியான அடித்தளம், மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும். சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே கதை வேறு. அது வண்டல் களிமண். ஈரமானால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், மேலே போட்ட தார் வெடிக்கும். அதோடு, வாய்க்காலும் வடிகாலும் அடுத்தடுத்து குறுக்கே வரும். மண் கொட்டி உயரமாகச் சாலை அமைத்தால் அதுவே ஒரு அணை மாதிரி ஆகிவிடும். போதுமான மதகுகள் இல்லாவிட்டால் ஒரு பக்கத்து வயல் மூழ்கும், மறுபக்கம் காயும். டெல்டாவில் விவசாயிகள் சாலைப் பணியின்போது "கல்வெர்ட்டு எங்கே?" என்று நின்று கேட்பதற்குக் காரணம் இதுதான். அது தடை செய்வது ஆகாது. அவர்கள் கேட்பது சரியான பொறியியல் கேள்வி.

சாலை எப்படி வளர்ந்தது என்று வருவோம். பிரிட்டிஷ் காலத்தில் இது வண்டிப்பாதைகளின் தொடர். ஜில்லா போர்டுகள் துண்டு துண்டாகப் பராமரித்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார். பாசனத்துக்காகக் கட்டியது. ஆனால் ஆற்றைக் கடக்கும் வழியாகவும் அதுவே ஆனது. அணைக்கரையில் கொள்ளிடம் இரண்டு கிளையாகப் பிரிந்து நடுவே தீவு மாதிரி நிலம் இருக்கிறது. வடக்குக் கிளைக்கு ஒரு அணை, தெற்குக் கிளைக்கு ஒரு அணை. அந்தக் குறுகிய வழியில் ஒரு பக்கம் வண்டிகளை நிறுத்தி, மறுபக்கம் விடுவார்கள். கும்பகோணம் போன எல்லாருமே அந்தக் காத்திருப்பை அனுபவித்திருப்பீர்கள். முறுக்கு விற்பவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார் என்றால் அணைக்கரை வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அணையின் பாதுகாப்பைக் கருதிக் கனரக வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். லாரிகள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

1946-ல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனியாக உருவானது. பத்து வருஷம் கழித்து, 1956-ல், இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். இன்றும் நிலம் எடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ்தான். இரண்டு, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் முதல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின் உற்பத்தி. முந்திரிக்காட்டின் நடுவே ஒரு நகரமே எழும்பியது. சுரங்கத்துக்காகப் பழைய கிராமங்கள் இடம் பெயர்ந்தன. அதுவரை பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவில் நிற்காமல் போன பஸ்கள், இங்கே நிற்க ஆரம்பித்தன. வடலூரில் 1872 முதல் வள்ளலாரின் சத்திய ஞான சபை இருக்கிறது. தைப்பூசத்துக்கு வரும் கூட்டத்தைச் சாலை ஏற்கெனவே அறியும். நெய்வேலி வந்தபின் தினமும் ஷிப்டுக்கு ஷிப்டு அது நிரம்பியது.

தேசிய நெடுஞ்சாலையாகி 45சி என்ற எண் கிடைத்த பிறகும் நெடுங்காலம் இரண்டு வழிதான். ஒரு வழிக்கு மூன்றரை மீட்டர் என்றால், ஏழு மீட்டர் தார். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் பைக்காரர் மண்ணில் இறங்க வேண்டும். கரும்பு டிராக்டர் முன்னால் போனால், பின்னால் வரும் ஆம்புலன்ஸும் அதே வேகம்தான். இதை மாற்றத்தான் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலைத் திட்டம். மூன்று துண்டாகப் பிரித்தார்கள். விக்கிரவாண்டி - சேத்தியாத்தோப்பு சுமார் 66 கி.மீ., சேத்தியாத்தோப்பு - சோழபுரம் சுமார் 50 கி.மீ., சோழபுரம் - தஞ்சாவூர் சுமார் 48 கி.மீ. நெய்வேலி முதல் துண்டில் வருகிறது.

மூன்றும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. இதை மறைத்துப் பயனில்லை, ஆர்ச் கேட்டில் தூசு குடித்தவர்களுக்குத் தெரியும். நடுத் துண்டான சேத்தியாத்தோப்பு - சோழபுரம், 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் முடிந்து, 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மூன்று புறவழிச்சாலை, நான்கு பெரிய பாலம், ஏழு மேம்பாலம் அதில் அடக்கம். கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு வழிப் பாலமும் வந்தது. அந்தத் துண்டில் மட்டும் பயண நேரம் 45 நிமிடம் குறையும் என்று சொல்லப்பட்டது. அணைக்கரைக் காத்திருப்பை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. முறுக்குக்காரர்தான் பாவம்.

இன்னொன்று, நெய்வேலிக்காரர்களுக்குச் சுவாரஸ்யமானது. அனல் மின் நிலையத்தின் உலர் சாம்பலைச் சாலைக் கரைகளில் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் விதி இருக்கிறது. 1999-ல் 50 கிலோமீட்டர் சுற்றளவு என்று ஆரம்பித்து, 2016-ல் அதை 300 கிலோமீட்டர் ஆக்கினார்கள். மேம்பாலத்துக்கு ஏறும் கரைகளுக்கு மலைபோல மண் வேண்டும். அதை ஏரியிலும் வயலிலும் தோண்டுவதைவிடச் சாம்பல் நல்லதுதானே.

நிலத்துக்கு நோட்டீஸ் வந்தால்

இப்போது நான் மெதுவாகப் படிக்கச் சொன்ன இடம்.

எங்க பெரியப்பா ஒருவருக்கு இந்த வழித்தடத்தில் முந்திரித் தோப்பு. பத்து, பதினைந்து பலா மரமும் உண்டு. சாலைக்கு அளக்க வந்தபோது, "அது கவர்மென்ட் ரோடு, நம்மள என்னா கேக்கப் போறாங்க" என்று இருந்துவிட்டார். பட்டா அவருடைய தாத்தா பேரில். பங்காளிகள் நான்கு வீடு. வாய்ப்பாகம்தான், பத்திரம் கிடையாது. இழப்பீடு வந்தபோது நான்கு வீட்டிலும் நான்கு கணக்கு. பணம் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. நிலம் மட்டும் உடனே போய்விட்டது. அவர் செய்யத் தவறியது எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்.

நடைமுறை இப்படிப் போகும். முதலில் 1956 சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிக்கை. அரசிதழில் வரும், அதன் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று தமிழ். சர்வே எண்ணும் அளவும் அதில் இருக்கும். அன்றிலிருந்து 21 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுக்கலாம். தகுதியுள்ள அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நம் மாநிலத்தில் பெரும்பாலும் நில எடுப்புக்கான மாவட்ட வருவாய் அலுவலர்தான் அவர். அவர் உங்களை நேரில் விசாரிக்க வேண்டும், வக்கீலையும் அழைத்துப் போகலாம். இந்த 21 நாள் ரொம்ப முக்கியம். சர்வே எண் தப்பு, கிணறு விட்டுப்போயிற்று, மிச்ச நிலத்துக்கு வழி இல்லாமல் போகிறது என்று எது இருந்தாலும் இப்போதே எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அடுத்து 3டி அறிவிக்கை. 3ஏ வந்து ஓராண்டுக்குள் இது வர வேண்டும். நீதிமன்றத் தடை இருந்த காலத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வராவிட்டால் முதல் அறிவிக்கை காலாவதி. வந்துவிட்டால் அந்த நிமிடமே நிலம் மத்திய அரசுடையது. அதன் பிறகு "எடுக்காதே" என்று சொல்லிப் பயனில்லை, "எவ்வளவு" என்பது மட்டும்தான் பேச்சு.

எவ்வளவு? 2015 ஜனவரி 1 முதல், தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறைதான் பொருந்தும். சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, கிராமப்புறமானால் அதை ஒரு காரணியால் பெருக்குவார்கள். அதோடு கட்டடம், கிணறு, மரங்களின் மதிப்பைக் கூட்டுவார்கள். மொத்தத்துக்கு நூறு சதவீதம் ஆறுதல் தொகை சேர்ப்பார்கள். சந்தை மதிப்பைப் பார்க்கும்போது அரசின் வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுப்பார்கள். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம் ஊர்களில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குறைந்த விலைதான் பின்னால் உங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் விலை ஆகிறது. அன்று மிச்சம் பிடித்த காசு இன்று பல மடங்காகப் போய்விடும்.

மரங்களை எண்ண வரும்போது வீட்டில் ஒருவர் கண்டிப்பாக உடன் இருங்கள். காய்க்கும் பலாவும் நேற்று நட்ட கன்றும் ஒன்றல்ல. மரத்தின் வயது, சுற்றளவு, காய்ப்பு எல்லாம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தொகை குறைவு என்று தோன்றினால் பணத்தை வாங்காமல் இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஆட்சேபணையோடு பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, 3ஜி(5) பிரிவின் கீழ் நடுவரிடம் மனு செய்யலாம். பொதுவாக மாவட்ட ஆட்சியரே நடுவர். அவர் தொகையைக் கூட்டினால், கூடிய தொகைக்கு நிலம் சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி உண்டு. பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்று தகராறு வந்தால் மட்டும் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்விடும். பெரியப்பாவின் பணம் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

அதனால் சாலையோரம் ஒரு சென்ட் இருந்தாலும், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பட்டா, அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருஷா வருஷம் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். பாகப் பிரிவினை வாயளவில் இருந்தால், அண்ணன் தம்பி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரோட்டில் பள்ளம், யாரிடம் சொல்வது?

நெய்வேலியில் இந்தக் கேள்விக்கு ஐந்து பதில் உண்டு, அதனால்தான் மனு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைகிறது. ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருப்பது தேசிய நெடுஞ்சாலை. உள்ளே நகரியத்தின் சாலைகளை என்.எல்.சி நிறுவனத்தின் நகர நிர்வாகம் பார்க்கிறது. வடலூருக்குள் போனால் நகராட்சி. இந்திரா நகர், வடக்குத்து பக்கம் ஊருக்குள் பிரியும் தெருக்கள் ஊராட்சி. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளும் நடுநடுவே உண்டு.

சுலபமான வழி, கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மஞ்சள் கல் உள்ள சாலையில் விபத்து, பள்ளம், வண்டி பழுது எதுவானாலும் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு "நம்ம சாலை" செயலியில் போட்டோவோடு புகார் செய்யலாம். எதிலும் சேர்க்கத் தெரியவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100.

டோல் பற்றியும் கேட்பீர்கள். இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து சொந்தக் காரில் தினமும் போய் வருபவர்களுக்கு மாதாந்திரச் சலுகை அட்டைக்கு விதியில் இடம் உண்டு. ஆனால் அந்த இடத்தில் சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தால் அது கிடைக்காது. முகவரிச் சான்றும் ஆர்.சி புத்தகமும் எடுத்துப்போய்ச் சாவடியிலேயே கேளுங்கள். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் இருக்கிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 பயணம், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும்.

கடைசியாக விபத்து. வேலை முடியாத இடங்களில் மாற்றுப்பாதை எது, எதிரே வருவது எது என்று இரவில் தெரியாது. நாலு வழி ஆன இடங்களிலோ, தோப்புக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்றணுமே என்று எதிர்த்திசையில் பைக் ஓட்டும் பழக்கம் வந்திருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு உங்கள் பைக்கின் விளக்கு தெரியும்போது நேரம் முடிந்திருக்கும். தயவுசெய்து சுற்றியே போங்கள். விபத்தில் யாராவது விழுந்து கிடந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு உதவுங்கள். தூக்கிப் போய்ச் சேர்த்தவரை அவர் விருப்பமில்லாமல் பேர், விலாசம் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும்கூட முதல் 48 மணி நேரத்துக்கு அரசுச் செலவில் சிகிச்சை உண்டு.

போன் செய்யும்போது "நெய்வேலி கிட்ட" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெய்வேலி கிட்ட என்பது வடக்குத்திலிருந்து வடலூர் வரை நீளும். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், வண்டி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள். நடுவில் சுவர் வந்துவிட்ட சாலையில், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.